இவளையும் விசாரி, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் நீ கேட்டதற்கெல்லாம் "நல்லா இருக்காங்க, நல்லா இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் மகளுக்குக் கிட்னி கொடுத்த இவள் உட்கார்ந்திருந்தாள், எதிரே அதை வாங்கிக்கொண்ட உன் மருமகள். இரண்டு பேர் காதிலும் விழும்படி என்னத்தைச் சொல்ல? அதனால்தான் எழுதுகிறேன். இவள் வேலையிலிருந்து வந்ததும் படுத்துவிட்டாள். பெரியவள் மாடியில் படித்துக்கொண்டிருக்கிறாள், சின்னவன் பள்ளிக்கூடத்தில். எனக்கு இன்று லீவு. அத்தானுக்கும் படித்துக் காட்டு.

முதலில் அத்தானின் கவலையை முடித்துவிடுகிறேன். சின்னவன் குடும்பக் குரூப்பில் அவன் அம்மாவின் ரத்த ரிப்போர்ட்டைப் போட்டதும், "கிரியேட்டினின் 106-ஆ!" என்று பதறிப்போய் நடுராத்திரியில் கூப்பிட்டார். கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு அது. அதை அளக்க அங்கே மில்லிகிராம் கணக்கு, இங்கே பிரிட்டனில் மைக்ரோமோல் கணக்கு. இங்கத்திய எண்ணை 88-ஆல் வகுத்தால் உங்கள் எண் வந்துவிடும். 106 என்றால் 1.2 தான். ஆபரேஷனுக்கு முன்னால் இவளுக்கு 65 இருந்தது. இரண்டு கிட்னி செய்த வேலையை இப்போது ஒன்று செய்கிறது, எண் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். மிச்சமிருக்கும் கிட்னி மெல்ல மெல்லத் தன் வேலையைக் கூட்டிக்கொண்டு, பழைய மொத்தத்தில் 70 சதவீதம் போல வந்து நிற்கும் என்றார்கள். ஒரு ஆளுக்கு அது தாராளம். மகளுக்கு 700-ஐத் தாண்டிப் போயிருந்தது, இப்போது 120-ஐ ஒட்டி நிற்கிறது. அதையும் அத்தானையே வகுத்துப் பார்க்கச் சொல்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த மூன்று மாதத்துக்கு மேலாகக் கூப்பிடுகிற எல்லோரும் பிள்ளையைத்தான் கேட்கிறீர்கள். நியாயம்தான், டயாலிசிஸில் கிடந்தவள் அவள். ஆனால் அக்கா, உடம்பில் ஒரு நோவும் இல்லாமல் கையில் பையோடு ஆஸ்பத்திரிக்குள் நடந்து போனது இவள். வெளியே வரும்போது நோயாளியாக வந்தாள். மகள் கதை நேர் எதிர். நோயோடு போனவள், ஆபரேஷனுக்கு மறுநாளே முகத்தில் ரத்தம் ஓட உட்கார்ந்திருந்தாள். வாயிலிருந்த உலோகச் சுவை போய்விட்டது, பசிக்கிறது என்றாள். நான் சந்தோஷத்தில் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் ஓடிக் கீழ்த் தளத்துக்குப் போனால், இவள் முகம் வெளுத்து, உதடு காய்ந்து, தலையைத் திருப்பக்கூட யோசித்துக்கொண்டு கிடக்கிறாள். "வாங்கியவர் சீக்கிரம் தெளிந்துவிடுவார், கொடுத்தவர்தான் கொஞ்ச நாள் துவண்டு கிடப்பார்" என்று நர்ஸ் முன்னாடியே சொல்லித்தான் வைத்திருந்தார். சொன்னால் மட்டும் மனசு கேட்குமா?

பெரிய கீறல் எதுவும் இல்லை. இப்போதெல்லாம் வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டுச் செய்கிறார்கள். கொடுப்பவருக்கு இப்படிச் செய்யும் முறையை அமெரிக்காவில் 1995-இல்தான் முதலில் செய்தார்களாம். அதற்கு முன்னால் விலாவோரம் நீளமாக வெட்டித்தான் எடுப்பார்களாம். இவளுக்கு இடது கிட்னியை எடுத்தார்கள். இடது பக்கத்து ரத்தக் குழாய் நீளம் அதிகம், அந்தப் பக்கம் இணைக்கத் தோது என்று பெரும்பாலும் இடதைத்தான் எடுப்பார்கள். அடிவயிற்றில் கொஞ்சம் அகலமாக ஒரு கீறல், அதன் வழியாக கிட்னியை வெளியே எடுத்தது.

வலி எங்கே தெரியுமா? தோளில்! வயிற்றில் ஆபரேஷன், வலி தோளில். முதலில் எனக்குப் பயமாகிவிட்டது, நெஞ்சு வலியோ என்று. கேமராவுக்கு இடம் வேண்டும் என்று வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புகிறார்கள். அது முழுக்க வெளியேறும்வரை உதரவிதானத்தை உறுத்துமாம், அந்த உறுத்தல் தோளில் வலியாகத் தெரியுமாம். வார்டில் நடக்கச் சொன்னார்கள். டிரிப் ஸ்டாண்டை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையால் தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு நடந்தாள். இருமல் வந்தால் நின்று, தலையணையை இன்னும் இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு இருமினாள். அப்படி நடந்து மகளின் வார்டு வரை போகவேண்டும் என்பது அவள் எண்ணம். பாதியிலேயே வீல்சேரில் உட்கார வைத்துத்தான் கூட்டிப்போனேன். அங்கே போய், "எனக்கு ஒண்ணுமில்லை, தூங்கி எழுந்த மாதிரி இருக்கு" என்று மகளிடம் சொல்கிறாள்! பொய் சொல்வதில் உன் தம்பி மனைவியை யாரும் மிஞ்ச முடியாது.

நாலைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் நிரம்பிய கெட்டிலைவிடக் கனமான எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்கக்கூடாது என்றார்கள். வீட்டில் என்னென்ன கனம் என்று அப்போதுதான் தெரிந்தது. துவைத்த ஈரத்துணிக் கூடை கனம், குப்பைப் பை கனம். சின்னவன் சமையலறையைப் பிடித்துக்கொண்டான். என்ன செய்தான், எப்படி இருந்தது என்றெல்லாம் கேட்காதே, பட்டினி கிடக்கவில்லை. கார் ஓட்டவும் தடை. அவசரத்துக்கு பிரேக்கை ஓங்கி மிதிக்க முடியும் என்று ஆன பிறகுதான் ஓட்டலாம். பக்கத்து வீட்டு மூதாட்டி, இத்தனை வருஷத்தில் குளிரைப் பற்றித் தவிர வேறெதுவும் எங்களோடு பேசியிராதவர், தானே வந்து கதவைத் தட்டி, "கிளினிக் நாளில் நான் ஓட்டுகிறேன்" என்றார். அங்கே என்றால் நீங்கள் பத்துப் பேர் வந்து இறங்கியிருப்பீர்கள். இங்கே ஒருவர்தான் வந்தார், ஆனால் தவறாமல் வந்தார்.

இவள் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில் அல்லவா, ஆட்களைப் பிடித்துத் தூக்கி உட்கார வைக்கிற வேலை. அதனால் 12 வாரம் போகவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவள் மேலாளர், "இது நீயாக விரும்பிச் செய்துகொண்ட ஆபரேஷன்தானே, நோய் விடுப்பு எப்படிக் கொடுப்பது?" என்று கேட்டாராம். கேட்ட எனக்கு ரத்தம் கொதித்தது. இவள் சிரித்துவிட்டு, ஆஸ்பத்திரிக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். இங்கே கொடுப்பவருக்கு லாபமும் இருக்கக்கூடாது, நட்டமும் இருக்கக்கூடாது என்பது விதி. இழந்த சம்பளத்தை அரசு மருத்துவ சேவையே ஈடு செய்கிறது, மனுவை மட்டும் ஆபரேஷனுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். பணம் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் வந்தது.

லாபம் கூடாது என்பதில் எவ்வளவு கண்டிப்பு என்கிறாய்? 2004-ஆம் வருஷத்து மனிதத் திசுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உறுப்புக்குக் காசு கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆணையம் சம்மதம் கொடுத்தால்தான் கத்தியையே எடுப்பார்கள். அதற்காக ஒருவர் வந்து இவளைத் தனியாக, மகளைத் தனியாக, அப்புறம் இருவரையும் சேர்த்து வைத்துப் பேசினார். தாயும் மகளும்தான் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ், பழைய போட்டோ எல்லாம் காட்டினோம். "யாராவது வற்புறுத்தினார்களா?" என்ற கேள்விக்கு இவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்த பிள்ளைக்குக் கொடுக்க யார் வற்புறுத்தணும்?" என்று கேட்டிருக்கிறாள். அவரும் சளைக்காமல், கடைசி நிமிஷத்தில் வேண்டாம் என்றாலும் சரி, காரணம் யாருக்கும் தெரியாமல் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றாராம். இவளுக்குத் தனி டாக்டர், மகளுக்குத் தனி டாக்டர். ஒருவர் நலனுக்காக இன்னொருவரைத் தள்ளிவிடக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. நம் குடும்பத்தில் எந்த முடிவையாவது ஒரு பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, "உனக்கு நிஜமாகவே சம்மதமா?" என்று கேட்டிருக்கிறோமா? நான் கொடுக்கலாம் என்றுதான் முதலில் போனேன், சர்க்கரை இருக்கிறது என்று முதல் படியிலேயே கழித்துவிட்டார்கள்.

உடம்பு வலி போனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதற்கு அப்புறம்தான் இவள் அழ ஆரம்பித்தாள். மூன்றாம் வாரம் வாக்கில் இருக்கும். தலைக்குக் குளித்துவிட்டு வந்தவள், தலை துவட்டக் கையைத் தூக்கத் தெம்பில்லாமல், ஈரத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை என்றாள். அதற்கு முன்னால் ஒரு வருஷமாக அந்த டெஸ்ட், இந்த ஸ்கேன், எடையைக் குறை, நட என்று அவளுக்கு ஒரு வேலை இருந்தது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆபரேஷன் முடிந்த மறு நிமிஷமே எல்லோர் கண்ணும் மகள் பக்கம் திரும்பிவிட்டது. அவள் கண்ணும்தான்.

நம் சொந்தக்காரர்கள் வேறு போன் பண்ணி, "நீ சாதாரணப் பொம்பளையா, தெய்வம்!" என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் தெய்வம் என்று சொல்லிவிட்டால், அப்புறம் அவள் இடுப்பு வலிக்கிறது, எரிச்சலாக வருகிறது, தூக்கம் பிடிக்கவில்லை என்று யாரிடம் சொல்வாள்? தெய்வத்துக்கு மலச்சிக்கல் வருமா, அக்கா? இவளுக்கு வந்தது. வலி மாத்திரையால் நாட்கணக்கில் அவஸ்தைப்பட்டாள். எனக்குத் தெரிந்து அதை, கொடுப்பவர்களைக் கவனித்துக்கொள்ளும் கோஆர்டினேட்டர் நர்ஸிடம் மட்டும்தான் வாய்விட்டுச் சொன்னாள். அவரும், இப்படி அழுகை வருவது கொடுத்தவர்கள் பலருக்கும் உண்டு, அசதி போக மூன்று மாதமும் ஆகலாம் என்று சொல்லி, பேசுவதற்கு ஒரு ஆலோசகரை ஏற்பாடு செய்தார்.

மகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவளுடைய பழைய கிட்னிகள் இரண்டும் உள்ளேயேதான் இருக்கின்றன, எடுக்கவில்லை. புதியதை அடிவயிற்றில் வலது பக்கம் வைத்திருக்கிறார்கள். கையை வைத்தால் தட்டுப்படும். சிறுநீர்க் குழாய்க்குள் வைத்திருந்த சின்ன ஸ்டென்ட்டை ஆறாம் வாரம் வாக்கில் எடுத்துவிட்டார்கள். மாத்திரை காலை எட்டுக்கு, ராத்திரி எட்டுக்கு, இந்த வீட்டில் நான்கு போன்களில் அலாரம் அடிக்கும். அதில் முக்கியமானது டாக்ரோலிமஸ். புது கிட்னியை உடம்பு அந்நியம் என்று தள்ளிவிடாமல் இருப்பதற்கு. அதன் அளவு ரத்தத்தில் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. கிளினிக் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் டப்பாவில் எடுத்துக்கொண்டு போய், ரத்தம் எடுத்ததும் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து விழுங்க வேண்டும். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை இதே ஓட்டம்தான்.

அந்த மருந்தால் கை நடுங்குகிறது. ஐலைனர் போட உட்கார்ந்து, கோடு கோணிக் கோணிப் போக, துடைத்துத் துடைத்துக் கடைசியில் பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டாள். ஸ்டீராய்டால் கன்னம் உப்பி, பரு வேறு. இருபது வயசுப் பெண்ணுக்கு இது சின்ன விஷயமா? உயிர் பிழைத்ததைவிட முகம் பெரிதா என்று யாரும் அவளிடம் கேட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டு அளவைக் குறைக்கக் குறைக்க முகமும் வடிந்துகொண்டுதான் வருகிறது.

இரண்டாம் மாதம் ஒரு சோதனை வந்தது, உங்களிடம் அப்போது சொல்லவில்லை. அவளுக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீர் வற்றியது ஒரு பக்கம், வயிற்றுப்போக்கில் அந்த டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எக்கச்சக்கமாகக் கூடிவிடும் என்பது இன்னொரு பக்கம். கிரியேட்டினின் 180-க்குப் போய்விட்டது. சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன், உடனே வந்து சேருங்கள் என்று. வழியெல்லாம் இவள் வாயே திறக்கவில்லை. வார்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கிட்னிதான் சொத்தையோ?" என்றாள். உள்ளே மகள் என்னிடம் ரகசியமாக, "அம்மா கொடுத்ததை நான் கெடுத்துட்டேனாப்பா?" என்கிறாள். நான் நடுவில். டிரிப்ஸ் ஏற்றி, மருந்தின் அளவைக் குறைத்ததும் எண் இறங்கிவிட்டது, பயாப்ஸி வரை போகவில்லை.

அப்புறம்தான் தெரிந்தது, மகளுக்கு வயிற்றுப்போக்கு முதல் நாளே ஆரம்பித்திருக்கிறது. அம்மா பயப்படுவாள் என்று மறைத்திருக்கிறாள். இவளோ தனக்குத் தழும்பில் சுருக்கென்று வலிப்பதை, மகள் குற்ற உணர்ச்சியில் வாடுவாள் என்று மறைக்கிறாள். ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி, இரண்டு பேரும் என்னிடம் சொல்லி, "சொல்லிடாதீங்க" என்று வேறு.

வீட்டுக்கு வந்த பிறகு இவள், "தண்ணி குடிச்சியா, தண்ணி குடிச்சியா" என்று மணிக்கொரு தரம். ஒருநாள் மகள் டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு, "இது எனக்காகவா, உன் கிட்னிக்காகவா?" என்று கேட்டுவிட்டாள். வீடே அடங்கிப் போனது. இவள் பதில் சொல்லவில்லை. ராத்திரி என்னிடம், "கேட்டது சரிதானே, எனக்கே தெரியலை" என்றாள். மறுநாளிலிருந்து தண்ணீர் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். என்ன, இப்போது சின்னவனை விட்டுக் கேட்கச் சொல்கிறாள். மகளுக்கும் அது தெரியும். தெரிந்தும் குடித்துவிடுகிறாள்.

ஒற்றைக் கிட்னியோடு காலம் தள்ள முடியுமா என்று நீ கேட்டிருந்தாய். ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் பார்க்க வேண்டும், ஆயுசுக்கும். ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் ஆகாது, பாராசிட்டமால் போதும். கொடுத்தவர்களுக்குப் பின்னாளில் கிட்னி முழுக்கச் செயலிழப்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆபத்தே இல்லை என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை, கொடுக்காதவரைவிடக் கொஞ்சம் அதிகம்தான். அப்படி வந்தால் இந்த நாட்டில் காத்திருப்போர் பட்டியலில் கொடுத்தவருக்கு முன்னுரிமை உண்டு. முதன்முதலில் வெற்றிகரமாகக் கிட்னி மாற்றியது 1954 டிசம்பரில், பாஸ்டனில், ஜோசப் மரே என்ற டாக்டர், இரட்டைச் சகோதரர்களுக்கு. கொடுத்த ரொனால்ட் ஹெரிக் அதற்கப்புறம் 56 வருஷம் இருந்துவிட்டு, 2010-இல், 79 வயதில் காலமானார். இதைச் சின்னவன் தேடிப் படித்துச் சொன்னபோது இவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "எனக்கு நூறைத் தாண்டிடும், அவ்வளவு வேணாம்" என்றாள். பழைய வாய் திரும்பிவிட்டது என்று அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

மகளுக்குள் இருக்கும் கிட்னி எத்தனை காலம் ஓடும் என்பது வேறு விஷயம். உயிரோடிருப்பவர் கொடுத்தது சராசரியாக 15, 20 வருஷம் போகும், அதற்கு மேலும் போனவர்கள் உண்டு. அதற்கப்புறம் இன்னொன்று தேட வேண்டி வரலாம். மகளுக்கு இது தெரியும். நாங்கள் வீட்டில் இதைப் பேசுவதில்லை, நீயும் எடுக்காதே.

இப்போது இவள் அரை நாள் அரை நாளாக வேலைக்குப் போகிறாள், தூக்குகிற வேலை இன்னும் இல்லை. வந்ததும் ஒரு மணி நேரம் படுத்தால்தான் முடிகிறது. மகள் அடுத்த பருவத்திலிருந்து கல்லூரிக்குப் போவாள்.

உனக்கு இரண்டு வேலை வைத்திருக்கிறேன். ஒன்று, யாராவது மூலிகைப் பொடி, லேகியம் என்று கொடுத்துவிட்டால் இங்கே அனுப்பிவிடாதே. மகளின் மருந்தோடு எது எப்படி வேலை செய்யும் என்று சொல்ல முடியாது, டாக்டரைக் கேட்காமல் எதுவும் உள்ளே போகக்கூடாது. சித்தி மனசு கோணாமல் நீதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை இவளைக் கூப்பிடு. என் போனுக்கு வேண்டாம், அவள் போனுக்கு. மகளைப் பற்றிக் கேட்காதே, தெய்வம் என்று ஆரம்பிக்காதே. உனக்கும் அவளுக்கும் அந்த நெக்லஸ் விஷயத்தில் பாதியில் நிற்கும் சண்டை ஒன்று இருக்கிறதே, வேண்டுமானால் அதையே எடு. காலையில் பதினொரு மணிக்கு மேல் கூப்பிட்டால் எழுந்திருப்பாள். அங்கே சாயங்கால நேரமாக இருக்கும்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் தம்பி